ஏழு வரி, ஒரு பேப்பர், வெள்ளிமலை

நேத்து ராத்திரி பத்தே காலுக்கு ஒரு போன்.

"அக்கா, நீங்க அனுப்புன லிஸ்ட்டைப் பிரின்ட் எடுத்தேன். வசனம் வர்ற இடம் பூரா கேள்விக்குறியா இருக்கு. டைம் மட்டும் சரியா வந்திருக்கு. காலைல ஒம்போது மணிக்கு ஆர்ட்டிஸ்ட் வந்துடுவாரு. என்னக்கா பண்றது?"

சென்னைல ஒரு டப்பிங் தியேட்டர்ல இருந்து உதவி இயக்குநர் தம்பி. குரல்லயே அழுகை எட்டிப் பாக்குது.

எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. மூணு நாள் உக்காந்து, ஒவ்வொரு வரியாக் காதால கேட்டு எழுதின லிஸ்ட்டு அது.

பத்து நிமிஷத்துல சரி பண்ணி அனுப்பிட்டேன். தம்பியும் தூங்கப் போயிட்டான். ஆனா எனக்குத் தூக்கம் வரல. இந்த ஒரு பேப்பருக்காக நாலஞ்சு வருஷமா நான் பட்ட பாட்டையெல்லாம் எழுதி வெச்சா, இந்த வேலைக்குப் புதுசா வர்ற யாருக்காவது ஒரு ராத்திரியாவது மிச்சமாகும்னு தோணுச்சு.

தெரியாதவங்களுக்கு: நான் சினிமாவுக்கு வசனம் எடிட் பண்றவ. எழுதறவ இல்ல. ஷூட்டிங்ல ரெக்கார்ட் ஆன பேச்சை எடுத்து, சத்தத்தைக் கழிச்சு, ஒட்டி, சுத்தம் பண்ணிக் குடுக்கறது என் வேலை. முன்னாடி சென்னைல இருந்தேன். இப்ப சின்னசேலத்துல, அம்மா வீட்டு மாடி ரூம்ல. சேலம் – விருத்தாசலம் லைன்ல ரயில் எந்த நேரத்துக்குப் போகும், பக்கத்துக் களத்துல மக்காச்சோளம் அடிக்கிற மெஷின் எப்ப நிக்கும்னு பாத்துப் பாத்துதான் என் வேலை நேரமே. (மெஷின் ஓடறப்ப கண்ணால பாக்கற வேலை, நின்னதும் காதால கேக்கற வேலை. பழகிருச்சு.)

சரி, என்ன லிஸ்ட்டு அது?

ஸ்பாட்லயே பேச்சைப் பதிவு பண்ற படத்துல எல்லா வரியும் நல்லா வராது. நடுவுல லாரி போகும், காத்து அடிக்கும், சட்டைக்குள்ள ஒட்டின மைக் உரசும், ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசுவாங்க. அந்த வரிகளை மட்டும் நடிகரைக் கூப்பிட்டு, படத்தைப் பாத்துக்கிட்டே மறுபடி பேச வெப்பாங்க. நம்ம ஊர் தியேட்டர்ல அதுக்குப் பேரு 'பேட்ச் டப்பிங்'. வெளிநாட்டுல 'ஏ.டி.ஆர்'. எந்தெந்த வரியைப் பேசணும், யாரு, எந்த ரீல்ல, எந்த நொடில இருந்து எந்த நொடி வரைக்கும், எதுக்காக. இதெல்லாம் ஒரு பேப்பர்ல இருக்கணும். அதான் க்யூ லிஸ்ட்.

இந்தப் பேப்பர் நம்ம சினிமாவுல பெருசாப் பழக்கத்துல இல்ல. அதுக்குக் காரணம் இருக்கு.

நம்ம படங்கள் ஆரம்பத்துல செட்லயே பேச்சைப் பதிவு பண்ணினதுதான். இங்க இருந்து எம்பது கிலோமீட்டர் தள்ளி, சேலத்துல டி.ஆர்.சுந்தரம் 1935-ல ஆரம்பிச்ச மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்துச்சு. 'மந்திரி குமாரி' (1950) மாதிரி படமெல்லாம் அங்க எடுத்தது. நாலு சுவருக்குள்ள செட், வெளிச் சத்தம் உள்ள வராம ஒரு ஒழுங்கு. அப்புறம் கேமரா வெளிய வந்துச்சு, கிராமத்துக்கு வந்துச்சு. வெளிய எடுத்துட்டுப் போன ஆரி கேமராவோ ஓடறப்ப கடகடன்னு சத்தம் போடும். அந்தச் சத்தத்துல பேச்சை எடுத்துப் பிரயோஜனமில்லை. சும்மா அடையாளத்துக்கு 'பைலட்'னு ஒரு ட்ராக் எடுத்துக்கிட்டு, முழுப் படத்தையும் தியேட்டர்ல டப்பிங் பேசிடறது. முழுசாப் பேசறப்ப எதுக்கு லிஸ்ட்டு? வசன பேப்பரை வெச்சு முதல் ரீல்ல இருந்து வரிசையாப் பேசிட்டுப் போக வேண்டியதுதான்.

டப்பிங்ல நமக்கு இருக்கற கைப்பழக்கம் சாதாரணமானது இல்ல. ஏ.வி.மெய்யப்பன் 1944-லயே 'ஹரிச்சந்திரா'வைக் கன்னடத்துல இருந்து தமிழுக்குக் குரல் மாத்திக் கொண்டு வந்தாரு. மோகன் படங்கள்ல எஸ்.என்.சுரேந்தர் பேசின குரலை மோகனோட குரல்னே நம்பி வளந்தவங்க எத்தனை பேரு! அந்தத் திறமை மேல எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனா 'விருமாண்டி' (2004) மாதிரி படங்கள் ஸ்பாட் சவுண்டுல வந்ததுக்கப்புறம் கேக்கற விதமே மாறிருச்சு. இந்தியில அதுக்கு முன்னாடியே 'லகான்' (2001) வந்து அசத்திருச்சு. இந்த மாதிரி படத்துல பெரும்பாலான பேச்சு ஸ்பாட்ல எடுத்ததுதான். நூத்துல பத்து, பதினஞ்சு வரிதான் மறுபடி பேசணும். எந்தப் பத்து வரின்னு தெரியணுமில்ல?

அங்கதான் என் கதை ஆரம்பம்.

முதல் படத்துக்கு நோட்டுல எழுதினேன். கோடு போட்ட நாப்பது பக்க நோட்டு. ஹெட்போனை மாட்டிக்கிட்டு, நேரத்தைப் பாத்துப் பாத்துக் கையால எழுதினேன். 03:17:42-ங்கறதை 03:11:42-னு எழுதிட்டேன் போல. (என் கையெழுத்துல ஏழும் ஒண்ணும் அக்கா தங்கச்சி.) தியேட்டர்ல நடிகர் மைக் முன்னாடி நிக்கிறாரு, திரையில ஆடு மேயுது.

ரெண்டாவது படத்துக்கு எக்செல். இதுல தப்பே வராதுன்னு நெனச்சேன். மூணாவது ரீல், அஞ்சாவது வரின்னா '3-05'னு நம்பர் குடுத்தேன். எக்செல் அதைத் தேதின்னு எடுத்துக்கிச்சு. என் லிஸ்ட்டு பூரா பொறந்தநாளு! அதுல இருந்து நம்பருக்குள்ள கோடே போடறதில்ல. மூணாவது ரீல் அஞ்சாவது வரின்னா 305. அவ்வளவுதான். பின்னாடி நடுவுல ஒரு வரி சேந்தா 305அ. ஒரு தடவை வெளிய அனுப்பின நம்பரை மாத்தவே மாத்தாதீங்க. அனுப்பினதுக்கப்புறம் வரிசை அழகா வரணும்னு நம்பரை மாத்தினா, பழைய பேப்பர் வெச்சிருக்கறவரும் புதுப் பேப்பர் வெச்சிருக்கறவரும் ரெண்டு வேற படத்தைப் பத்திப் பேசிட்டிருப்பாங்க.

மூணாவது படத்துலதான் புத்தி வந்துச்சு. நேரத்தை நான் எதுக்குக் கையால எழுதணும்? எடிட்டிங் செஷனுக்குள்ள ஒவ்வொரு வரியும் எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு ஏற்கனவே இருக்கே. அதையே லிஸ்ட்டாக் கேட்டா என்ன?

புரோ டூல்ஸ்ல அதுக்கு வழி இருக்கு. ஃபைல் மெனுல எக்ஸ்போர்ட், அதுக்குள்ள 'செஷன் இன்ஃபோ ஆஸ் டெக்ஸ்ட்'. அமுக்கினா ஒவ்வொரு ட்ராக்லயும் இருக்கற ஒவ்வொரு கிளிப்போட பேரு, ஆரம்ப நேரம், முடிவு நேரம், நீளம் எல்லாம் ஒரு டெக்ஸ்ட் ஃபைலா வந்துடும். நேரத்தை டைம்கோடுல கேக்கலாம், நிமிஷம் நொடியில கேக்கலாம், அடி பிரேம்ல கூடக் கேக்கலாம். (35 எம்.எம் ஃபிலிம்ல ஒரு அடிக்குப் பதினாறு பிரேம், நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி. ஃபிலிமை அளந்து வேலை பாத்த காலத்துக் கணக்கு இன்னும் அந்த மெனுவுக்குள்ள உயிரோட இருக்கு. எனக்கு அதைப் பாக்கறப்பல்லாம் ஒரு சந்தோஷம்.)

ஆசையா அமுக்கினேன். பக்கம் பக்கமாக் கொட்டுச்சு. பேச்சை வெட்டின ஒவ்வொரு துண்டும், நடுவுல அடைக்க ஒட்டின காத்துச் சத்தத் துண்டும், எல்லாம் வரிசையா. ஒரு கிளிப்பை வெட்டினா பேருக்குப் பின்னாடி அதுவா ஒரு நம்பர் சேத்துக்கும். அப்படி வால் முளைச்ச பேருங்க நூத்துக்கணக்குல. அதுல இருந்து நமக்கு வேணுங்கற வரியைத் தேடறது உமி மூட்டைல அரிசி பொறுக்கறது.

இப்ப பண்றது இதுதான்:

எடிட் பண்ற ட்ராக்கைத் தொடறதே இல்ல. க்யூவுக்குன்னு தனியாக் காலி ட்ராக். ஒரு கேரக்டருக்கு ஒரு ட்ராக், அவங்க பேரே ட்ராக் பேரு. எந்த வரியை மறுபடி பேசணுமோ அந்த நீளத்துக்கு மட்டும் ஒரு வெத்து கிளிப், உள்ள சத்தமே இல்லாம. கிளிப்போட பேருல முதல்ல நம்பர், அப்புறம் வரி, அப்புறம் ஒரு சின்னக் கோடு போட்டுக் காரணம். முடிஞ்சதும் அந்த ட்ராக்கை மட்டும் தேர்ந்தெடுத்து எக்ஸ்போர்ட். கிளிப்பை ஒரு பிரேம் நகத்தினாலும் லிஸ்ட்டுல நேரம் தானா மாறிடும். கைக்கணக்கே கிடையாது.

இங்கயும் ஒரு தடவை மாட்டினேன். வேண்டாம்னு முடிவு பண்ணின வரிகளை அழிக்காம மியூட் மட்டும் பண்ணி வெச்சேன். மியூட் பண்ணின கிளிப்பும் லிஸ்ட்டுல வரும். மியூட்டுன்னு கடைசி 'காலம்'ல (column) பொடியா எழுதியிருக்கும், அவ்வளவுதான். தியேட்டர்ல யாரும் அதைப் பாக்கல. அந்த நடிகர் பாவம், வேண்டாத பதினோரு வரியையும் பேசிட்டுப் போயிட்டாரு. இப்ப மியூட் பண்றதில்ல. 'வேண்டாதது'ன்னு வேற ட்ராக்குக்கு எறக்கிடறேன்.

இப்ப நேத்து ராத்திரிக் கேள்விக்குறிக்கு வருவோம்.

எக்ஸ்போர்ட் பண்றப்ப எந்த எழுத்து முறைல ஃபைல் வேணும்னு ஒரு இடத்துல கேக்கும். அங்க யூ.டி.எஃப்-8 போடணும். போன வாரம் சாஃப்ட்வேரை மறுபடி ஏத்தினதுல என் பழைய செட்டிங் போயிருந்துச்சு, நான் கவனிக்கல. தமிழ் தெரியாத எழுத்து முறைல ஃபைல் எழுதினா, அதுக்குப் புரியாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுடும். அந்த ஃபைலுக்குள்ள தமிழே இல்ல. என்ன பண்ணினாலும் திரும்பாது, செஷன்ல இருந்து மறுபடிதான் எடுக்கணும்.

கேள்விக்குறிக்குப் பதிலா கொம்பும் புள்ளியும் போட்ட ஏதோ வெளிநாட்டு எழுத்தா வந்திருந்தா பயப்படவே வேண்டாம். அதுல தமிழ் பத்திரமா இருக்கு, திறந்த விதம்தான் தப்பு. லிப்ரே ஆபீஸ்ல திறக்கறப்ப எழுத்து முறையை யூ.டி.எஃப்-8னு தேர்ந்தெடுங்க. தமிழ் வந்துடும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாம நான் ஒரு முழு லிஸ்ட்டை ரெண்டாவது தடவை டைப் பண்ணியிருக்கேன்.

(ரீப்பர்ல வேலை பாக்கறவங்களுக்கு: வரிக்கு வரி ரீஜன் போட்டு, அதுல தமிழ்ல பேரு எழுதி, ரீஜன் மேனேஜர்ல இருந்து சி.எஸ்.வி ஃபைலா எடுத்துடலாம். காசு இல்லாத படத்துக்கு நான் அதுலதான் பண்றேன். குறையே இல்ல.)

இன்னொண்ணு. பேப்பரோட தலைல, படத்தோட எத்தனையாவது எடிட், என்ன தேதின்னு பெருசா எழுதிடுங்க. நாம லிஸ்ட்டு எடுத்ததுக்கப்புறம் படத்தொகுப்பாளர் ஒரு ஷாட்டை நாலு நொடி குறைச்சிருப்பாரு. அதுக்கப்புறம் வர்ற அந்த ரீல் பூரா நாலு நொடி முன்னாடி வந்துடும். ரீல் ரீலாப் பிரிச்சு வெச்சிருந்தா ஒரு ரீலோட போச்சு. முதல் ரீலை ஒரு மணில ஆரம்பிக்கறது, ரெண்டாவதை ரெண்டு மணில ஆரம்பிக்கறதுன்னு ஒரு வழக்கம் இருக்கில்ல, நேரத்தைப் பாத்ததுமே எந்த ரீல்னு தெரிஞ்சுடும்.

கருவி விஷயம் போதும். மனசுல இருக்கறது வேற.

லிஸ்ட்டுல எல்லாரும் அலட்சியமா விடற காலம் ஒண்ணு: 'காரணம்'. எனக்கு அதான் உயிர்.

காரணம் எழுதாத லிஸ்ட்டு ரொம்ப சுலபமா வீங்கும். கொஞ்சம் சத்தமா இருக்கா? போடு. வார்த்தை கொழகொழன்னு இருக்கா? போடு. இயக்குநருக்குச் சந்தேகமா? போடு. ஆனா 'காரணம்'னு எழுதணும்னு வந்துட்டா மறுபடி கேக்கணும். கேட்டா பாதி வரிக்குக் காரணமே கிடைக்காது. லாரி சத்தமா? அதே வரிக்கு வேற டேக்ல லாரி இல்லாம இருக்கும், அந்தப் பேச்சை எடுத்து இந்த வாயில உக்கார வெச்சுடலாம். ப-வும் ம-வும் வர்ற இடத்துல உதடு மூடுதான்னு மட்டும் பாத்துக்கிட்டா போதும், மத்ததை நாலு பிரேம் அங்க இங்க இழுத்து ஒட்டிடலாம். பைக் சத்தம் வரியோட முதல் சொல்லுல மட்டுமா? அந்தச் சொல்லை மட்டும் எடுத்துக்கலாம். சென்சார்ல ஒரு வார்த்தையை மாத்தச் சொன்னாங்களா? அப்ப அது நிஜமான காரணம், எழுது.

நேத்து போன் வந்த இந்தப் படத்துல ஒரு பாட்டி. கல்வராயன் மலைல வெள்ளிமலைப் பக்கத்துக்காரங்க, நடிப்பு அவங்க தொழில் இல்ல. உதவி இயக்குநர்கள் போட்ட முதல் லிஸ்ட்டுல அவங்களுக்கு மட்டும் முப்பத்தோரு வரி. காரணம்னு எழுதியிருந்தது ஒரே சொல்: 'உச்சரிப்பு'.

எனக்குக் கோவம் வந்துச்சு. மனசார வந்துச்சு.

உச்சரிப்புல என்ன குறை? அந்த மலைல அப்படித்தான் பேசுவாங்க. அதுக்காகத்தானே அவங்களைத் தேடிப் போய்க் கூட்டிட்டு வந்தீங்க? மலைல இருந்து எறங்கி, கள்ளக்குறிச்சி வந்து, அங்க இருந்து சென்னைக்கு எரநூத்தம்பது கிலோமீட்டர் கிட்ட பஸ்ல போய், கண்ணாடி ரூமுக்குள்ள நின்னு, சரியாப் பேசினதையே மறுபடி பேசணுமா? லிஸ்ட்டுல நாம தட்டற ஒவ்வொரு வரியும் யாரோ ஒருத்தரோட ஒரு நாள்.

இயக்குநர்கிட்டப் போன்ல சொன்னேன். "தம்பி, உச்சரிப்புன்னு ஒரு காரணத்தை நான் எழுத மாட்டேன். வேற காரணம் இருந்தா சொல்லுங்க." நல்ல புள்ளை, யோசிச்சாரு. "நீங்களே கேட்டு முடிவு பண்ணுங்கக்கா"ன்னாரு. ரெண்டு நாள் கேட்டேன். வேற டேக்ல இருந்து எடுத்தது போக, நிஜமாவே சத்தத்துல கெட்டுப்போனது ஏழு வரி.

இன்னொரு காலமும் சேத்திருக்கேன்: 'குரல்'. கடைசில அந்த வரியை யார் பேசினாங்கங்கற பேரு. மலையாளத்துல 'மணிச்சித்திரத்தாழ்' (1993) படத்துல ஷோபனாவுக்கு பாக்கியலட்சுமி குரல் குடுத்தாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா நாகவல்லியா மாறித் தமிழ்ல பேசற அந்தக் குரல் துர்காங்கற தமிழ் டப்பிங் கலைஞரோடதுன்னு ஊருக்குத் தெரிய, இயக்குநர் ஃபாசில் 2016-ல சொல்ல வேண்டியதாப் போச்சு. இருபது வருஷத்துக்கு மேல! 2022-ல 68-ஆவது தேசிய விருதுல, ஸ்பாட்ல பதிவு பண்ணின ஒலிக்குன்னே அப்ப இருந்த விருது 'டொள்ளு'ங்கற கன்னடப் படத்துக்குப் போச்சு. அது டப்பிங் பண்ணின படம்னு அதோட சவுண்ட் டிசைனர் நிதின் லூக்கோஸே சொன்னாரு, ரசூல் பூக்குட்டியும் அதை எடுத்துச் சொன்னாரு. எந்த வரி ஸ்பாட்ல எடுத்தது, எந்த வரி தியேட்டர்ல பேசினது, யார் பேசினதுங்கற கேள்விக்கு ஒரு படத்துல பதில் சொல்லக்கூடியது இந்தப் பேப்பர்தான். தூக்கிப் போட்டுடாதீங்க.

போன ஞாயித்துக்கிழமை அந்த ஏழு வரிக்கு நாங்களே மலையேறினோம். நானு, இயக்குநர், ஒலிப்பதிவு பண்ற தம்பி. ஷூட்டிங்ல வெச்ச அதே மைக்கு, ஒரு ரெக்கார்டர், கனமான நாலு போர்வை. பாட்டி வீட்டுத் தாழ்வாரத்துல போர்வையைக் கட்டி ஒரு சின்ன மறைப்பு பண்ணினோம். கோழிங்களைப் பாட்டியே தொரத்தி விட்டாங்க.

தியேட்டர்ல மூணு பீப் குடுப்பாங்க. ஒரே இடைவெளில மூணு அடிச்சு, நாலாவது வர வேண்டிய இடத்துல பேச்சை ஆரம்பிக்கணும். பாட்டிக்கு அது தோதுப்படல. படிக்கவும் தெரியாது. அப்ப எனக்கு இந்த வேலையோட பழைய பேரு ஞாபகம் வந்துச்சு: லூப். ஃபிலிம் காலத்துல அந்த ஒரு வரி இருக்கற துண்டை மட்டும் வளையமா ஒட்டி, மறுபடி மறுபடி ஓட விடுவாங்க. கேட்டு, கேட்டு, தாளம் மனசுல ஏறினதும் நடிகர் பேசுவாரு. அதையே பண்ணினோம். ஹெட்போன்ல பாட்டியோட குரலையே மூணு தடவை போட்டுக் காட்டினோம். நாலாவது, அவங்களே.

"அன்னிக்கே சொல்லிட்டனே சாமி. மறுக்கா எதுக்கு?"

பேப்பர்ல காரணம் இருந்துச்சு, படிச்சுக் காட்டினேன். "பைக் சத்தம் பாட்டி. நீங்க பேசறப்ப பின்னாடி ஒரு பைக் போச்சு."

"ஆமாமா, போனான்." யாருன்னும் சொன்னாங்க. ரெண்டு வசவும் சேத்துச் சொன்னாங்க. தாழ்வாரமே சிரிச்சுச்சு.

ஆறு வரி அரை மணி நேரத்துல முடிஞ்சுது. ஏழாவது, நம்பர் 412. ஸ்கிரிப்டுல 'வீட்டுக்குப் போறேன்'னு இருந்துச்சு. பாட்டி அப்படிச் சொல்லலைன்னு எனக்குத் தெரியும். ஸ்கிரிப்டுல இருக்கறதை எழுதாம, வாயில வந்ததை எழுதறதுதான் என் கொள்கை. பைக் இரைச்சலுக்குள்ள திரும்பத் திரும்பக் கேட்டு 'காட்டுக்குப் போறேன்'னு எழுதியிருந்தேன்.

படிச்சுக் காட்டினதும் பாட்டி தலையை ஆட்டினாங்க.

"அது நாஞ் சொன்னதில்ல."

ஹெட்போனைக் காதுல வெச்சு ஒரே ஒரு தடவை கேட்டாங்க. கழட்டினாங்க. "கொட்டாய்க்குப் போறேன்."

கொட்டாய். சின்னசேலத்துல பொறந்தவ நான். எங்க தாத்தா காட்டுக்கொட்டாயிலயே வாழ்ந்து முடிஞ்சவரு. லேப்டாப்ல அந்த ஷாட்டை ஒவ்வொரு பிரேமா நகத்திப் பாத்தேன். 04:12:09, ஏழாவது பிரேம். 'கா'வுக்கு வாய் அகலமாத் திறக்கணும். பாட்டியோட உதடு குவிஞ்சிருக்கு.

பென்சில் கேட்டேன். இயக்குநர் சட்டைப் பையில இருந்து எடுத்துக் குடுத்தாரு. 412-ல 'காட்டுக்கு'வை அடிச்சு 'கொட்டாய்க்கு'ன்னு எழுதினேன். பக்கத்துல 'குரல்' காலத்துல ஏழு வரிக்கும் பாட்டியோட பேரை முழுசா எழுதினேன். அவங்களே சொல்லச் சொல்ல, அப்பா பேரோட.